அரைமணி நேரத்தில் ஆறு கல்லறைகள்

ஹாலோஸ் ஃபெர்ரி, ஒஹாயோ
நவம்பர் 4

'ஆற்றங்கரை வாரச் செய்தி' ஆசிரியர் அவர்களுக்கு,

வார்டன் சாலை இரண்டாம் வளைவில் குடியிருக்கும் வெர்லின் ஸ்ட்ரூப் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சளி இருமல் இல்லாமல் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நானும் என் தங்கை மகள் பிரின்லியும் உயிரோடு இருக்கிறோம். இதை மரியாதைக்காக எழுதவில்லை. கீழே உள்ள விவரங்களைப் படித்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தங்களுக்கே விளங்கும்.

நான் இருபத்தெட்டு வருஷம் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். முதுகு போனதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. லாரி கம்பத்தில் மோதினாலும் சரி, கம்பம் லாரியில் மோதினாலும் சரி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் துறை விதி. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். புகார் இதுதான்: அக்டோபர் முதல் வாரம் தங்கள் 'வீட்டுப் பக்க'த்தில் வந்த "குடும்பத்தோடு செய்யலாம்: சுலபமான ஹாலோவீன் அலங்காரங்கள் ஐந்து" என்ற கட்டுரையில், குடும்பம் என்பதும் தப்பு, சுலபம் என்பதும் தப்பு. ஐந்து என்பது மட்டும் சரி.

பிரின்லிக்கு எட்டு வயது. ஆகஸ்ட் கடைசியில், துணிமணி அடைத்த ஒரு கறுப்புக் குப்பைப் பையோடு அவளைக் குழந்தைகள் நலத் துறையினர் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் அம்மா ரோண்டா, வேறு ஊரில் குடியிருந்த என் ஒரே தங்கை, ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி இறந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது. அதற்கு மேல் நான் சொல்வதாக இல்லை, தாங்களும் கேட்க வேண்டாம். பிள்ளை என்னோடு இருக்கலாமா கூடாதா என்று நவம்பர் நடுவில் நீதிமன்றம் சொல்லும். அதுவரைக்கும் கெர்ஷ்னர் என்ற அதிகாரியம்மா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார், படுக்கையைப் பார்ப்பார், பிறகு எங்களைப் பார்ப்பார். மூன்றாவது தடவை வந்தபோது, விசேஷ நாட்களில் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். செய்வோம் என்றேன். என்ன செய்வீர்கள் என்றார். தங்கள் பத்திரிகை மேஜைமேல் என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் கிடந்தது. அதைக் காட்டி, "இதெல்லாம்தான், ஐந்தும்" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அரசாங்கத்தில் ஒன்றைக் குறித்துக்கொண்டால் அப்புறம் அதைச் செய்துதான் ஆகவேண்டும்.

முதலாவது பால் கேன் பேய். ஒரு கேலன் பிடிக்கிற காலி பிளாஸ்டிக் பால் கேன் பத்து எடுத்துக் கழுவி, கறுப்பு மையால் கண்ணும் வாயும் வரைந்து, உள்ளே சின்ன விளக்குச் சரத்தை விட்டு நடைபாதை ஓரமாக வைக்க வேண்டும், அரைமணி நேர வேலை என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, வீட்டில் இருப்பது இரண்டு பேர், நான் காப்பிக்கே பால் விடாதவன், அவள் காலையில் சோளப்பொரியில் கால் கோப்பை ஊற்றுவாள், இந்தக் கணக்கில் பத்து கேன் காலியாவதற்குள் அடுத்த ஹாலோவீன் வந்துவிடும் என்பதால் கடைக்குப் போய்ப் பத்தையும் ஒரே தடவையில் வாங்கிவந்து இரண்டு பேரும் குடிக்க ஆரம்பித்தோம். பால் சூப், பால் கஞ்சி, பாலில் வேகவைத்த மக்ரோனி, பாலில் ஊறப்போட்ட சோள ரொட்டி. ஐந்தாம் நாளுக்கு மேல் என் வயிறு செய்ததை ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுத முடியாது. ஒன்பதாம் நாள் காலையில் எதிரே உட்கார்ந்திருந்த பிரின்லி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, பாலைக் கொட்டிட்டுக்கூடக் கேனை எடுத்துக்கலாம்ல?" என்றாள். என் வீட்டுக்கு வந்த ஆறு வாரத்தில் 'சரி', 'வேணாம்' தவிர அவள் பேசிய முதல் வாக்கியம் அது. அதனால் கோபப்பட முடியவில்லை.

இரண்டாவது கஞ்சித்துணிப் பேய். சோளமாவில் கஞ்சி காய்ச்சி, வலைத்துணியை அதில் முக்கி, பாட்டிலின்மேல் நிறுத்திய பலூனில் போர்த்திக் காயவைத்து, பலூனைக் குத்தி எடுத்துவிட்டால் துணி தானாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, பார்க்கிறவர்கள் மிரண்டுபோவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தார்க் கலவையே போட்டவனுக்குக் கஞ்சி என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டேன். நீர்த்துப் போச்சு. பாட்டில் சாய்ந்து, பலூன் வெடித்து, பேய் சாப்பாட்டு மேஜைமேல் நீட்டிப் படுத்துவிட்டது. அடியில் பாட்டிலும் கரண்டியும் கிடந்ததால் அங்கங்கே மேடு தட்டி ஈரத்துணி அப்படியே ஆள் மாதிரி கிடக்குது, அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு மடையன், பேய்க்குத் தூக்கம் வந்துடுச்சு போல என்று சொல்லிச் சிரிச்சேன்.

"அம்மாவ இப்படித்தான் மூடித் தூக்கிட்டுப் போனாங்க, மாமா. ஒரு கால் வெளிய தெரிஞ்சுது. நான்தான் துணிய இழுத்துவிட்டேன்" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் கட்டுரையில் மூன்றாம் படி 'பலூனைக் குத்தவும்', நான்காம் படி 'கறுப்புக் காகிதத்தில் கண் வெட்டி ஒட்டவும்'. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. நான் தேடினேன். பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், டயர் விளம்பரம் இருந்தது. கடைசியில் இந்தப் பக்கத்து இரண்டு முனையை நான் பிடித்தேன், அந்தப் பக்கத்து இரண்டு முனையை அவள் பிடித்தாள், இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறைக் கொடியில் போட்டோம். காலையில் அது மடிந்த வாக்கிலேயே விறைத்து இருந்தது. வாசல் மேப்பிள் மரத்தில் கட்டினோம். பார்த்தவர்கள் யாரும் மிரளவில்லை. துணி நனையப்போகிறது, எடுத்து உள்ளே போடுங்கள் என்று தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது காகித வௌவால். இதில் விபத்து எதுவும் இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

நாலாவது தெர்மாகோல் கல்லறை. இங்கேதான் தங்கள் பத்திரிகை எங்களைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது. பலகையைக் கல்லறைக்கல் மாதிரி வெட்டி, சாம்பல் நிறம் பூசி, "பெயர்களைக் குழந்தைகளின் கற்பனைக்கே விட்டுவிடுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்" என்று போட்டிருந்தது. விட்டேன். ஆறு கல் வெட்டிக் கொடுத்துவிட்டு முதுகுக்கு ஒத்தடம் வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முதல் கல்லில் 'இங்கே உறங்குவது கணக்கு வீட்டுப்பாடம்', இரண்டாவதில் 'கடைசி கேக் துண்டை யாரும் பார்க்காமல் தின்றவர்', மூன்றாவதில் 'வெர்லின் மாமாவின் முதுகு', அப்புறம் ஒரு தங்கமீன், அப்புறம் 'பத்து கேலன் பால்'. நிஜமாகவே சிரித்தேன். ஆறாவது கல்லில், நல்ல கையெழுத்தில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், ரோண்டா கே ஸ்ட்ரூப், பிறந்த தேதி, இறந்த தேதி.

ரோண்டாவுக்கு வேறு கல் கிடையாது. சாம்பலை அட்டைப் பெட்டியில் கொடுத்தார்கள். அதை என் கோட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், வைத்ததுதான். பிள்ளையிடம் என்ன சொல்வது? அஞ்சு கல்லை வாசல் புல்தரையில் நட்டுவிட்டு, ஆறாவதைக் கார்க் கொட்டகைக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். மறுநாள் காலையில் ஆறும் வரிசையாக நிற்குது. பிக்கப் வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் திரும்ப வரிசையில். இரண்டு பேரும் உட்கார்ந்து மிளகாய்ப் பீன்ஸ் சாப்பிட்டோம்.

ஐந்தாவது எகிப்து மம்மி கதவு. வாசல் கதவை வெள்ளைப் பட்டையால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி இரண்டு கண் ஒட்ட வேண்டும். காகிதப் பட்டை மழைக்குத் தாங்காது என்று சாலையில் கோடு ஒட்டுகிற வெள்ளை நாடாவை எடுத்துக் கதவோடு சட்டத்தையும் சேர்த்து இழுத்து ஒட்டிவிட்டேன். அந்த நாடாமேல் பதினெட்டுச் சக்கர லாரி ஏறினாலும் கிளம்பாது. அக்டோபர் 27, திங்கட்கிழமை, கொட்டுகிற மழையில், சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே கெர்ஷ்னர் அம்மா வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து நான் இழுக்கிறேன், வெளியிலிருந்து அவர் தள்ளுகிறார், கதவில் ஒட்டின கண் இரண்டும் அவரையே பார்க்குது, கதவு அசையவில்லை. பின்பக்கமா வாங்கம்மா என்று கத்தினேன். பின்வாசல் வழி புல்தரையைச் சுற்றித்தான் வர வேண்டும். வந்தவர் ஆறாவது கல்லுக்கு எதிரே நின்றுவிட்டார். மழையில் அப்படியே நின்று படித்தார். எனக்குச் சமையலறை ஜன்னல் வழியாகத் தெரியுது. சரி, முடிஞ்சுது, பிள்ளையை இன்றைக்கே கூட்டிப்போய்விடுவார் என்று நினைத்தேன். வீட்டில் இருந்த நல்ல துண்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, அந்தக் கல்லை யார் எழுதச் சொன்னது என்று பிரின்லியிடம் கேட்டார்.

"யாரும் சொல்லல. மாமா ரெண்டு தடவ எடுத்து ஒளிச்சு வச்சாரு. நான் ரெண்டு தடவ திருப்பி வச்சேன்."

"மாமா திட்டினாரா?"

"இல்ல. அவருக்கு எங்க ஒளிக்கிறதுன்னே தெரியல."

கெர்ஷ்னர் அம்மா ரொம்ப நேரம் எழுதினார். பேனாவை மூடிவிட்டு, துண்டை மடித்து என்னிடம் கொடுத்தார்.

புதன்கிழமை எதிர்வீட்டு லவோன் பிக்கெட் வந்தாள். எழுபத்திரண்டு வயசு, இந்தத் தெருவில் யார் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணையுது என்று தெரிந்தவள், ரோண்டாவைச் சின்னதிலிருந்து பார்த்தவள். நான் கதவு நாடாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள்.

"வெர்லின், கேக்கறேன்னு கோச்சுக்காத. ரோண்டா கொலம்பஸ்ல வேலை கெடச்சுப் போயிட்டான்னு நீதான சொன்ன? உசிரோட இருக்கிறவ பேரக் கல்லறையில எழுதி நட்டு வெளையாடறது நல்லாவா இருக்கு?"

ஆமாம் ஐயா, அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். எல்லாரிடமும். செப்டம்பரில் யாரோ கேட்டார்கள், வாயில் வந்ததைச் சொன்னேன், அப்புறம் மாற்ற முடியவில்லை. கொலம்பஸில் அவளுக்கு ஒரு வீடு, ஒரு வேலை, நல்ல முதலாளி வரைக்கும் போய்விட்டது. கையில் சுரண்டுகிற கத்தியை வைத்துக்கொண்டு, "வெளையாட்டு இல்லக்கா. செத்துட்டா. ஆகஸ்ட் பதினொண்ணு" என்றேன். ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. லவோன் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சாம்பல் எங்கே என்று கேட்டாள். கோட்டு அலமாரியில் என்றேன்.

"எட்டு வயசுப் புள்ள உனக்குப் பதிலா ஊருக்குச் சொல்லிட்டு நிக்குது. நீ நாடா சுரண்டிட்டு நிக்கற" என்றாள். எழுந்து போய்விட்டாள். கல்லை மட்டும் நான் அப்புறம் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன். ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையச் சங்கு ஊதியது, பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கக் கிளம்பிவிட்டார்கள். பிரின்லி பேய் வேஷம் வேண்டாம், சூனியக்காரி வேஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாலைத் துறையில் நான் போட்ட பழைய ஆரஞ்சுச் சட்டையைக் கணுக்கால் வரைக்கும் போட்டுக்கொண்டு, கொட்டகையில் கிடந்த 'நில்' பலகையையும் தூக்கிக்கொண்டாள். மிட்டாய் வாங்கப் போகலியா என்றேன். வேலை இருக்கு என்றாள். வேலை என்னவென்றால், புல்தரையைக் குறுக்கே மிதித்து ஓடி வருகிற பிள்ளைகளை ஆறாவது கல்லுக்குப் பத்தடி முன்னால் பலகை காட்டி நிறுத்திச் சுற்றிப் போகவைப்பது. எங்கள் துறையில் சம்பளம் வாங்குகிற ஆட்களே அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் லவோன் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் போட்டு, முழங்காலில் போர்வையோடு உட்கார்ந்துகொண்டாள். யாரும் கூப்பிடவில்லை.

ஆறரை மணிக்கு ஒரு பசுமாடு வந்தது. இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ரப்பர் மடி முன்னால் ஆட, கொம்பு வைத்த தொப்பியோடு. கல்லைப் பார்த்ததும் மாடு நின்றுவிட்டது. முன்பு முதியோர் இல்லச் சமையலறையில் ரோண்டாவோடு ஏழு வருஷம் தட்டுக் கழுவின ட்ரீனா அது.

"நான் ஆகஸ்ட்லேர்ந்து போன் பண்ணிட்டே இருக்கேன், வெர்லின் அண்ணா" என்றாள். "எடுக்கவே இல்ல. என் மேல கோவம்னு நெனச்சேன். போ, நீயா பேசற வரைக்கும் நானும் பேச மாட்டேன்னு விட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே புல்லில் மண்டியிட்டு அழுதாள். அவள் பிள்ளைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தங்கள் பையிலிருந்து ஆளுக்கொரு மிட்டாயை எடுத்துக் கல்லடியில் வைத்தார்கள். ட்ரீனாவால் எழுந்திருக்க முடியவில்லை, மாட்டுச் சட்டையில் கால் சிக்கிவிட்டது. ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் லவோனும் தூக்கிவிட்டோம், அதில் வால் பிய்ந்து லவோன் கையில் வந்துவிட்டது, அவள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் பார்த்தார்கள். இந்த வீட்டு வழக்கமே இதுதான், இங்கே மிட்டாய் வாங்கக்கூடாது, வைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒவ்வொருவரும் ஒன்று வைத்தார்கள். எட்டு மணிக்குத் திரும்பச் சங்கு ஊதினபோது கொடுக்க வைத்திருந்த கிண்ணத்தில் என் மிட்டாய் அப்படியே இருக்குது, கல்லடியில் கணுக்கால் உயரம் குவிஞ்சு கிடக்குது. இதையெல்லாம் என்னம்மா செய்யறது என்று கேட்டேன். பிரின்லி குனிந்து பிரித்துப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கேரமல் பிடிக்காது. அத நீங்க எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அழுதேன், வேர்த்துக் கொட்டுது என்று சொன்னேன். அன்றைக்குக் குளிர் ஃபாரன்ஹீட்டில் நாற்பது டிகிரிக்குக் கீழே.

நேற்றுக் காலை கெர்ஷ்னர் அம்மா போன் செய்தார். பிள்ளை மாமாவோடுதான் இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். இரண்டு நிபந்தனை: வாரம் ஒருமுறை நாங்கள் இரண்டு பேருமே மனநல ஆலோசகரிடம் போக வேண்டும், வாசல் கதவு திறக்க வேண்டும்.

ஆகையால் என் கோரிக்கை: இந்தக் கடிதத்தை முழுதாக வெளியிட்டு, கட்டுரை எழுதிய அம்மாள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அரைமணி நேரம் என்பதைப் பத்தொன்பது நாள் என்று திருத்த வேண்டும். 'குழந்தைகளின் கற்பனைக்கே விட்டுவிடுங்கள்' என்பதை இனி எந்தக் காலத்திலும் யாருக்கும் சொல்லக்கூடாது. தவறினால் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

தங்கள் குடும்பத்தில் எல்லாரும் நீண்ட நாள் இருக்கட்டும். தங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் நன்றாகத் திறந்து மூடட்டும்.

இப்படிக்கு,
வெர்லின் ஸ்ட்ரூப்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். உறையை ஒட்டுமுன் பிரின்லி வாங்கிப் படித்தாள். கதவுச் சட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றவும் என்று கட்டுரையிலேயே இருக்கிறதாம், நான் கண்ணாடி போடாமல் படித்தேனாம். எடுத்துக் காட்டினாள், இருக்கிறது. அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கடிதத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கீழே உள்ளதைப் போடவும். அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

"ரோண்டா கே ஸ்ட்ரூப், வயது 33, ஆகஸ்ட் 11 அன்று வீட்டில் இறந்தாள். மகள் பிரின்லியும் அண்ணன் வெர்லினும் இருக்கிறார்கள். வேகமாகக் கார் ஓட்டுவாள். நன்றாக முடி பின்னிவிடுவாள். மாத்திரை அதிகமாகி இறந்தாள்."

கடைசி வரியை எடுத்துவிடலாம், இதயம் நின்றது என்று போட்டால் போதும் என்று நான் சொன்னேன். கூடாது என்கிறாள்.

"இதயம் நின்னாத்தான் மாமா எல்லாருமே சாவாங்க. கல்லப் பாத்ததுலேர்ந்து எதனாலன்னு ஸ்கூல்ல எல்லாரும் என்கிட்டதான் கேக்கறாங்க. பேப்பர்ல வந்துடுச்சுன்னா, போய்ப் படிச்சுக்கங்கன்னு சொல்லிடுவேன்."